தெரிகிறது

கார்த்திகை கடைசி.
தலைஞாயிறுக்குத் தெற்கே
அரிச்சந்திரா நதி கரையை மறந்த ஆறாம் நாள்.
பொய் சொல்லாத ராஜாவின் பேர் ஆற்றுக்கு.
அதன் தண்ணீரைப் பற்றி
இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதுவது என் வேலை.

சர்வே எண் இருநூற்றுப் பதினாலு, உட்பிரிவு மூன்று.
அளவுகோலை இறக்கினேன்: முப்பத்தெட்டு சென்டிமீட்டர்.
இழுத்ததும் பயிர் கையோடு வந்தது,
அடித்தண்டு கொழகொழவென்று,
பொதியிலேயே கறுத்த கதிரோடு.
வரப்பைக் காணோம்.
வரப்பு இருந்த இடத்தில் பக்கிரிசாமி நின்றார்,
இடுப்பில் கைவைத்து,
தானே எல்லைக்கல் மாதிரி.

திருத்துறைப்பூண்டி ஆபீஸில் கரண்ட் இல்லாத மத்தியானம்
எழுதினேன்: பயிர் வாஸ் டெஸ்ட்ராய்டு. முற்றுப்புள்ளி.

லூர்துராஜ் சார் பென்சிலால்தான் திருத்துவார்,
அழிக்கலாம் என்பதால்.
வாஸைச் சுற்றி மெல்லிய வட்டம். அதன் தலைமேல்
அப்பியர்ஸ் டு ஹேவ் பீன்.
டெஸ்ட்ராய்டு போய் அஃபெக்டட் வந்து உட்கார்ந்தது.
ஒரு சொல் இருந்த இடத்தில் நாலு.
ஏக்கருக்கு எவ்வளவு குறையும் என்று
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த மொழியில் ஒரு படித்துறை இருக்கிறது அவருக்கு.
மேல்படி செர்ட்டன்லி, வெயிலில் காய்ந்து கிடக்கிறது,
யாரும் உட்காருவதில்லை.
இறங்கினால் ப்ராபப்லி, லைக்லி,
பிறகு மே,
பிறகு பாசி பிடித்து, பாதி தண்ணீருக்குள், மைட்.
“எந்தப் படில நிக்கிறோம்னு பாத்து நில்லும்மா.”

கோபம் வந்தது. வந்திருக்கக் கூடாது.
போன வருஷம் ஓரடியம்புலத்தில்
அழிந்தது என்று நான் எழுதிய வயல்
தண்ணீர் வடிந்ததும் புதுத்தூர் விட்டு
மாசியில் ஏக்கருக்குப் பதினோரு மூட்டை கண்டது.
சார் அந்தக் கோப்பைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.
எனக்குத்தான் அது பஸ்ஸில், சாப்பாட்டில், கூடவே வருகிறது.

நமக்கும் படிகள் உண்டு, வினையின் வாலில்.
வந்தது. வந்திருக்கும். வந்திருக்கலாம்.
மேட்டூர் திறக்கும் நாளில் கடைமடை முழுக்க
“திறந்துட்டாங்களாம்.”
வாலில் ஒட்டிய ஓர் ஆம்,
பொறுப்பு மொத்தமும் கல்லணைக்கு மேலே போய்விடும்.
தண்ணீர் இங்கே எட்டுமா என்றால்
“வந்தாலும் வரும்.”
இதை எந்தப் படியில் உட்காரவைப்பார் லூர்துராஜ் சார்?

கையெழுத்துப் போட வந்தார் பக்கிரிசாமி.
பேன்ட் முழங்கால் வரை மடித்திருந்தது, சேறு காய்ந்திருந்தது.
“என்னா எழுதிருக்கு? தமிழ்ல சொல்லு.”
தாளைப் பார்த்து, சொல் தவறாமல், கூட்டாமல் குறைக்காமல்
சொன்னேன்:
“பயிர் பாதிக்கப்பட்டிருப்பதாகத் தெரிகிறது.”

அவர் முகம் விரிந்தது.
“தெரியுதுல்ல? அதான் வேணும்.
ரோட்டுல பஸ்ல போறவனுக்கே தெரியுது.
ஆபீஸுக்கும் தெரிஞ்சுதே, போதும்.”

மொழிபெயர்ப்பில் பிழை இல்லை.
எந்த அகராதியும் என்னைக் குற்றம் சொல்லாது.
அங்கே தயங்கித் தயங்கி நின்ற ஒரு சொல்
இந்தப் பக்கம் கால் வைத்ததும்
சூடத்தில் அடித்த சத்தியமாகிவிட்டது.
திருத்தலாம்தான்.
எதைத் திருத்த, எந்த மொழியில்?

ப. பக்கிரிசாமி என்று ஒவ்வொரு எழுத்தாக இறக்கினார்.
கடைசி மியின் கொக்கியில் மை கொட்டித் திட்டாயிற்று.
ஊதினார்.
எழுந்துகொண்டே, “பணம் வருமா?”

வரும், என்றேன்.
மழை வரும், கடைசி பஸ் வரும், நல்ல காலம் வரும்,
எல்லாவற்றுக்கும் நாம் சொல்கிற அதே வரும்.
அதில் எதை மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனாரோ.